அஞ்சலை சொன்ன வூடு

மாசி 6

அஞ்சலையை ஊமையாக்கியவன் நான்.

மாசியிலேயே வெயில் கூடிவிட்டது. மசி தீரப் போகிறது. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடக் கூரைக்கு ஓலை. இவற்றை மட்டும் எழுதிவிட்டு விளக்கை அணைக்கலாம் என்று பார்த்தேன்.

நடந்தது போன வாரம். ஒன்றாம் வகுப்பு. அட்டையில் வீட்டுப் படம். "இது என்ன?" அஞ்சலை எழுந்து, சத்தமாக, சந்தோஷமாக, "வூடு!"

"வீடுன்னு சொல்லு."

"வூடு."

மூன்றாவது தடவைக்குப் பிரம்பு. உள்ளங்கையில். அன்றோடு சரி. பேர் கூப்பிட்டால்கூடப் பதில் இல்லை.

மாசி 7

அதே படத்துக்குப் பண்ணைக்காரர் மகனும் "வூடு" என்றான். "வீடு, தம்பி" என்று சிரித்தேன். பிரம்பு மேசையிலேயே கிடந்தது.

மாசி 9

அஞ்சலையின் அம்மா வந்தாள். பருத்தி எடுக்கிறவள், மடியெல்லாம் பஞ்சு. சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"ஐயா, வூட்ல வாயே தொறக்க மாட்டேங்குதுங்க. இங்கயாச்சும் பேசுதுங்களா?"

விஷயம் தெரியாது அவளுக்கு. பிள்ளை சொன்னால்தானே.

"நாலு வயசு வரைக்கும் பேச்சே வரலீங்க. சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டோம். ஒரு நாளு எங்க குடிசையக் காட்டி வூடுன்னுச்சு பாருங்க, அதாங்க மொத வார்த்த."

"பேசும்" என்றேன். அடித்ததைச் சொல்லவில்லை. கும்பிட்டுப் போனாள். என்னை.

மாசி 10

ஹெட்மாஸ்டர்: "இன்ஸ்பெக்டர் வர்றாருய்யா. ஊமைன்னு எழுதிப் பேர அடிச்சிடும். கூலிக்காரி புள்ள, யாரு கேக்கப் போறா?"

"ஊமை இல்ல சார். நான் அடிச்சதுல..."

"அப்ப அதையே எழுதிடட்டுமா?" சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வேலை வேண்டும்.

நாளை சாயங்காலம் வரை தவணை தந்தார். ஒரு வார்த்தை பேசினால் பேர் இருக்கும்.

கிளம்பும்போது, "வூட்டுக்குப் போயிட்டு வரேன் சார்" என்றேன். நான்தான். அவர் திருத்தவில்லை.

மாசி 11

மணியடித்து எல்லோரும் போன பிறகு அஞ்சலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். வாசலில், கூட்டிப்போக வந்த அவள் அம்மா. மேசையில் ஹெட்மாஸ்டர் திறந்து வைத்த பதிவேடு. என் கையில் அதே அட்டை.

"வூடுதான், தாயி. நீ சொன்னது சரி. நான்தான் தப்பு."

அட்டையைப் பார்த்தாள். உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"சொல்லு அஞ்சல. வூடுன்னு ஒரே ஒரு தடவ சொல்லு."