காப்பீட்டில் இருப்பு பதினைந்து லட்சம்

ஜூன் 3, செவ்வாய்

கருமத்தம்பட்டிச் சந்தையில் தக்காளி 28, சுரைக்காய் 20. விளக்கேற்றும்போது வலது விலாவுக்குக் கீழே மறுபடி அந்த வலி. ஓமத்தண்ணி குடித்துவிட்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வீட்டுக்காரர் தறிக்குப் போயிருந்தார். பார்க்காதது நல்லதாய்ப் போயிற்று.

ஜூன் 5, வியாழன்

பார்த்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் சுருண்டுவிட்டேன். ஸ்கேன் 900. பித்தப்பையில் மூன்று கல். ஆபரேஷன்தானாம், முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவில்லையாம்.

ஜூன் 6, வெள்ளி

மாட்டேன். அட்டை வாங்கி மூன்று வருடம். குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம், ஒரு பைசா எடுத்ததில்லை. தனிப் பக்கம் போட்டு எழுதி வந்திருக்கிறேன்: இருப்பு பதினைந்து லட்சம். மாமனாருக்கு ஐம்பது வயதில் நெஞ்சுவலி வந்தது. இவருக்கு நாற்பத்தொன்பது. இவருக்கென்று சேர்த்ததை என் வயிற்றுக்குக் கரைப்பதா?

ஜூன் 9, திங்கள்

காலையில் ஓயாமல் வாந்தி. லீவு போட்டு இழுத்துப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் செவ்வந்தி என்றொரு பெண்.

"பதினஞ்சுல எவ்வளவு குறையும் கண்ணு?"

"எந்தப் பதினஞ்சுங்க?"

நோட்டைக் காட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். "இது சேராதுங்கம்மா. வருசம் முடிஞ்சா அது போச்சு. அடுத்த வருசத்துக்குப் புதுசா அஞ்சு."

பத்து லட்சம் போச்சா! அய்யோ சாமி — கண்ணில் தண்ணியே வந்துவிட்டது.

"கைக்கே வராத காசுக்கு அழுகறயே புள்ள" என்று இவர் சிரிக்கிறார்.

"உங்க ஆபரேசன் போக இந்த வருசமே அய்யாவுக்கு நெறைய மிஞ்சுமுங்க" என்றாள் செவ்வந்தி. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்தாயிற்று.

ஜூன் 12, வியாழன்

காப்பீட்டு அனுமதி வந்தது. நாளைக்கு ஆபரேஷன். "வெறும் வயித்தோட இருந்துக்குவீங்களா?" என்று நர்ஸ் கேட்கிறாள். சஷ்டி தவறாமல் விரதம் இருக்கிறவளிடம்!

ஜூன் 15, ஞாயிறு

முருகா. முடிந்தது. வயிற்றில் நாலே நாலு சின்ன ஓட்டை. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது: ஒன்றுமில்லை. கற்களைப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இவர் பிரசாதம் மாதிரி நீட்டுகிறார்.

ஜூன் 17, செவ்வாய்

வீடு வந்தோம். பஸ்ஸிலிருந்து பையை இறக்கும்போது அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாததற்கா வேட்டிக்குள் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பார்? குடல் பிதுங்கி நிற்கிறது. இரண்டு வருடமாம்! தறியில் பாவு நூல் சுற்றிய உருளையைத் தூக்கித் தூக்கி வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"உனக்கு எப்பவாச்சும் வேணுமேன்னு அட்டையைத் தொடாம உட்டுப்போட்டேன் புள்ள."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேட்டேன்: "நீங்க எந்த நோட்டுல எழுதி வெச்சீங்க?" தையல் வலிக்க வலிக்க இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குத் தையல் இல்லை — அதுவும் வரும்.

ஜூன் 30, திங்கள்

முதல் பஸ்ஸில் போனோம். செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்கம்மா, மறுக்கா என்னங்க?"

"எனக்கில்ல கண்ணு, இவருக்கு."

இவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். தாளை நீட்டியதும் குனிந்து மெதுவாக, "இதுல கையெழுத்துப் போட்டா... இவளுக்கு மிச்சம் இருக்குமுங்களா?" என்றார்.

மூடியைக் கழற்றிப் பேனாவை நானே அவர் கையில் வைத்தேன்.