அறுபத்திரண்டு வீடும் மூன்று லினக்ஸும்

லாபு,
9 ஜூன் 1999

அன்புள்ள அத்தானுக்கு,

வள்ளிநாயகி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். சிங்கப்பூரில் நீங்களும் சுகமாக இருக்க முனீஸ்வரரை வேண்டுகிறேன். பார்சல் வந்து இரண்டு வாரமாகிறது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற மூன்று லினக்ஸ் சிடியும், ரெட் ஹேட், ஸ்லாக்வேர், டெபியன், உடையாமல் வந்தன. போட்டுப் பார்த்து எது நல்லது என்று எழுதச் சொன்னீர்கள். எனக்கு இருக்கிற வேலையில் அது ஒன்றுதான் குறை.

நாம் குடியிருக்கிற தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது உங்களுக்குத் தெரியும். மாற்று வீடு கேட்டு, அறுபத்திரண்டு குடும்பங்களின் பட்டியலை வருகிற இருபத்தோராம் தேதி, திங்கட்கிழமை, சிரம்பானில் அரசாங்க ஆபீசில் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வீடு இல்லை. நீங்கள் விட்டுப்போன கம்ப்யூட்டரில்தான் அதை டைப் அடித்து வைத்திருந்தேன்.

நீங்கள் போனில் சொன்னபடி, கம்ப்யூட்டரில் முன்பே இருந்த பழைய ரெட் ஹேட்டின் மேல் புது ரெட் ஹேட் சிடியிலிருந்து ஒரு புரோகிராமைப் போட்டேன். இதற்கு அது வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும் என்று நின்றுகொண்டது. “அது கேட்டா கேக்கட்டும், போர்ஸ் பண்ணிப் போடு” என்றீர்கள். போட்டேன். அதன் பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. பட்டியலும் போயிற்று. தோட்டத்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் முருகையா வாசலில் நின்று, “கம்ப்யூட்டர் போனா இன்னொன்னு வாங்கலாம்லா, வீடு போனா எங்கம்மா போறது?” என்று கேட்டார். அன்று அழுதேன்.

பழைய பிளாப்பி ஒன்றில் நாற்பத்தேழு பெயர் கிடைத்தது. மீதிக்கு வேலை முடிந்து வந்து வீடு வீடாக நடந்தேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் புதுசு ரெட் ஹேட்தான். ஆனால் அது கேட்பதையெல்லாம் நாமே தேடிப் பிடிக்க வேண்டும். மழை பெய்தால் போன் லைனே இல்லாத ஊரில் இன்டர்நெட்டில் எங்கே தேடுவது? ஸ்லாக்வேர் எதையும் கேட்பதில்லை. கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு, திறக்கும்போது ஏதோ இல்லை என்று கையை விரிக்கிறது. டெபியன் ஒன்றுதான் தனக்கு வேண்டியதைத் தானே சிடியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதில் இருப்பது பழைய சரக்கு என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். பிரிண்டர் ஓடுகிறது.

எல்லோர் பெயரையும் மறுபடி டைப் அடித்துவிட்டேன், நம் வீட்டைத் தவிர. குடும்பத் தலைவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லி இரண்டு தீபாவளி போய்விட்டது. சிடி மட்டும் தவறாமல் வருகிறது. எனக்குக் களைப்பாக இருக்கிறது, அத்தான்.

இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை பட்டியலில் நம் வீட்டுக் குடும்பத் தலைவர் கட்டத்தைக் காலியாக விட்டு வைக்கிறேன். அதற்குள் நீங்கள் வரவில்லை என்றால் குடும்பத் தலைவராக என் பெயரையே அதில் டைப் அடித்துவிடுவேன். பிறகு அதை மாற்ற முடியாது என்கிறார்கள்.

முனீஸ்வரர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும்போது சிடி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வள்ளிநாயகி தங்கராஜு