காற்றின் மேல் போட்ட பழி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு பாலம் கட்டுகிற வேலைக்குப் போய்வருவாய் என்று நம்புகிறேன். தினம் போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனிலேயே சொல்லிவிடலாம் என்று பலமுறை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரமாட்டேன் என்கிறது, இந்தா அம்மாகிட்ட பேசு என்று கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். எழுதி முடித்ததும் இதை அம்மாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன், எனக்கு அந்த வித்தை இன்னும் பிடிபடவில்லை. அந்தச் சாக்கில் அவளும் படித்துவிடுவாள். படிக்கட்டும், அவளுக்கும் தெரியவேண்டிய விஷயம்தான்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், ஏதோ படியை நான்தான் உயரமாகக் கட்டிவிட்ட மாதிரி. சலூன் வழக்கம்போல் ஓடுகிறது. நம் பேங்க் மேனேஜர் ரிட்டயர் ஆகிவிட்டார், அவருக்குத் தலையில் இருப்பதைவிடக் காதில்தான் முடி அதிகம், ஆனாலும் வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து கொஞ்சம் ஸ்டைலா வெட்டுப்பா என்கிறார், நானும் வெறும் காற்றில் கத்தரியை நாலு தடவை சத்தம் காட்டி அனுப்பிவைக்கிறேன். ஓரத்து நாற்காலிக்குப் புது உறை போட்டாயிற்று. நீ வெளியே எச்சில் படுகிற கோப்பைகளில் கண்டபடி எதையும் வாங்கிக் குடிக்காதே, இருமல் சத்தம் போனிலேயே கேட்கிறது.

இனி மாடியில் இருக்கும் உன் போன்சாய்கள். வெயில் காலம் முழுக்கக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், மழைக்காலத்தில் தொட்டிகளுக்கு அடியில் ஒரு பக்கம் மரத்துண்டு வைத்துச் சாய்த்து விட்டேன், தண்ணீர் தேங்கவே இல்லை. காகிதப்பூவின் கிளையில் நீ சுற்றியிருந்த கம்பி பட்டையைக் கடிக்க ஆரம்பித்ததும், நீ சொல்லிக்கொடுத்தபடி சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தேன், ஒரு முள்கூட உடையவில்லை. அத்திக்குச் சின்ன இலையாக வரவேண்டும் என்று பெரிய இலைகளைக் காம்பை மட்டும் விட்டுவிட்டு நறுக்கினேன். குளிர் வந்து மாதுளை இலையை உதிர்த்ததும் தண்ணீரைக் குறைத்து, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஊற்றினேன். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீ சொன்னது ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை என்பது உனக்குத் தெரியவேண்டும், அது தெரிந்தால்தான் இனிமேல் சொல்லப்போவதும் உனக்குச் சரியாகப் புரியும்.

போனில் உன்னிடம் சொன்ன மாதிரி மாதுளையின் அடிக்கிளையைக் காற்று ஒடிக்கவில்லை மகளே, நான்தான் வெட்டினேன். அந்தக் கிளை எதற்கு என்று எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போன தடவை கிளம்பும்போது நீ, இது அழகுக்கு இல்லப்பா, அடித்தண்டு பருக்கிறதுக்கு, கோணல்மாணலா எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓடட்டும், தண்டு பருத்ததும் நானே வெட்டிக்கிறேன், அதுவரைக்கும் உங்க கை அரிச்சாலும் தொடாதீங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். கை அரிக்கத்தான் செய்தது, ஒரு பக்கக் கிருதாவை மட்டும் தோள்வரை வளர்த்துக்கொண்டு ஒருவன் தினம் எதிரே உட்கார்ந்தால் என் தொழில்காரனுக்கு எப்படி இருக்கும். ஆனாலும் தொடவில்லை. மொட்டு சிவக்கும்போது வேர் கத்தரித்து மண் மாற்ற வருகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய், ஒவ்வொரு வருஷமும் வருவாய், நானும் குளிர் தொடங்கியதிலிருந்து தினம் காலையில் மாடிக்குப் போய் மொட்டு சிவந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் போன் வந்தது. பாலத்தோட கடைசித் துண்டைத் தூக்கி வைக்கிற வேலைக்கு என்னையே பொறுப்பாக்கிட்டாங்கப்பா, இந்த வருஷம் வரமுடியாது, நர்சரிக்காரரைக் கூப்பிட்டு மண் மாத்திக்குங்க, சந்தோஷம்தானே என்று கேட்டாய். ரொம்ப சந்தோஷம்மா என்றேன். சந்தோஷமும் இல்லாமல் இல்லை, ஆனால் நர்சரிக்காரர் வந்தால் போதும் என்று நீ சொன்னது நெஞ்சில் குத்திவிட்டது. போனை வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனேன், உன் பெட்டியிலிருந்து கிளை வெட்டுகிற கத்தரியை எடுத்தேன், ஒரே வெட்டு. யார் மேல் கோபம், எதற்குக் கோபம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வெட்டு மழமழவென்று விழுந்திருந்தது, காற்று இப்படி ஒடிக்காது, பார்த்ததும் என் கைவேலை என்று நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்து, வெட்டிய இடத்தைக் குறடால் பிய்த்துச் சிராய்த்து ஒடிந்த மாதிரி ஆக்கினேன். இத்தனை காலத்தில் ஒரு தலையைக்கூட அலங்கோலமாக்கி அனுப்பாத கை, அம்மா. அப்படிப் பிய்த்ததில்தான் பட்டை கீழ்வரை உரிந்து, அந்தப் பக்கம் காய்ந்து கறுத்துவிட்டது. காற்று அடித்தது என்று நான் சொன்னதை உன் அம்மாவும் நம்பி உன்னிடம் அப்படியே சொன்னாள், பாவம். நீயோ ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. என் தப்புப்பா, சுவரோரம் தள்ளி வச்சுட்டு வந்திருக்கணும், நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க என்று எனக்கு நீ ஆறுதல் சொன்னாயே, அந்த நிமிஷம் எனக்கு எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அப்போதும் உண்மையைச் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். காயம் பட்ட மரத்தோட வேரை வேற யாரும் தொடவேண்டாம், நானே வர்றேன், பால வேலையை வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிடறேன் என்று நீ சொன்ன பிறகு நிஜமாகவே பயந்துவிட்டேன். நீ வரவேண்டும் என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தேன், வருகிறேன் என்று நீ சொன்னதும் கள்ளச் சாவி போட்டுத் திறந்த வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. இந்த வாரக் கடைசிக்குள் உன் மேலதிகாரிக்குப் பதில் சொல்லவேண்டும் என்றாய். அவரிடம் அந்த வேலையை நானே செய்கிறேன் என்று சொல்லிவிடு அம்மா. நேற்று நர்சரிக்காரரைக் கூப்பிட்டு மரத்தைக் காட்டினேன், வேரைத் தொடவிடவில்லை. தண்டு தப்பிச்சுடும், இந்தப் பக்கப் பட்டை மட்டும் இனி திரும்பாது, தளர்ந்திருக்கிற மரத்துக்கு ஒரு வருஷம் மண் மாத்தாம விட்டா ஒண்ணும் ஆகாது என்றார். மேலே மொட்டு சிவந்திருக்கிறது. ஆனால் நீ நினைத்த பருமன் அந்தத் தண்டுக்கு வருவதற்கு இன்னும் எத்தனையோ காலம் ஆகும், நீ வளர்த்த வருஷங்களை நான் ஒரே வெட்டில் வீணாக்கிவிட்டேன். திட்டு, சில நாள் பேசாமல் இருந்தாலும் இரு, ஆனால் மரத்தைக் காரணம் வைத்து உன் வேலையை விட்டுவிடாதே. அன்றைக்கு நீ போன் பண்ணியபோது, சந்தோஷம்மா, ஆனா உன்னைப் பாக்கணும் போல இருக்கு என்று சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது சொல்கிறேன். உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது. பாலத்தை முடித்துவிட்டு வா.

உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டியை ஒருமுறைக்கு இரண்டுமுறை இழுத்துப் பார்த்துக்கொள், ஈரமான இரும்பில் கால் வைக்காதே, இருமலுக்கு மருந்து வாங்கு. நீ எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும், மனம்போல் நன்றாக இரு.

என்றும் உன் நலம் விரும்பும்,
அப்பா

இனி அம்மா எழுதுகிறேன். போட்டோ எடுக்கக் கொடுத்தார், படித்தேன். காற்று ஒடித்துவிட்டது என்று இவர் வந்து சொன்ன அன்று மாடியில் காயப்போட்ட துணியில் ஒன்றுகூட அசையவில்லை, இவர் முகமும் திருடன் முகம் மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே தெரியும் கண்ணு. தெரிந்துதான் உன்னிடம் ஆமாம் நல்ல காற்று என்று சொன்னேன், நீ வருகிறேன் என்றதும் உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரையும் தைத்துப் போட்டுவிட்டேன். திட்டுவதானால் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டு. திரை அப்படியே இருக்கட்டும், நீ வேலையை முடித்துவிட்டு வா.