கம்பளிக்குள் ஆக்சிஜன்

நாள் 61. படுக்கப் போகுமுன்

நிலவின் தென்துருவம், பனித்துளைப்பு நிலையம். எழுதுபவன் ராயப்பன் பர்னாந்து. அடுத்த கப்பல் வரும்வரை இங்கே நான் ஒருவன்தான்.

துளைக்கும் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது. தண்ணீர்த் தொட்டி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ஈரமூட்டி மட்டும் பழுது. காற்று கருவாடு காயப்போடும் அளவுக்கு வறண்டு கிடக்கிறது. கம்பளியை உதறினால் பட்பட்டென்று நீலப் பொறி பறக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு தடவை வேடிக்கை பார்த்தேன். ஊரில் இல்லாதவனுக்கு இதுதான் வாணவேடிக்கை.

இதைத் திரையில் எழுதாமல் பென்சிலால் எழுதக் காரணம் உண்டு. ஆறு வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்த கிளஸ்டர் தலைவலி திரும்பி வந்துவிட்டது. திரை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது.

நாள் 62. வலி விட்ட பிறகு

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுப்பும். வலது கண்ணுக்குப் பின்னால் திருப்புளி வைத்து முறுக்குவது போல இருக்கும். கண்ணில் நீர் வடியும், மூக்கு அடைக்கும். மற்ற தலைவலிக்காரர்கள் இருட்டில் சுருண்டு படுத்துக்கொள்வார்கள். இதில் படுக்க முடியாது. நடக்கவேண்டும், முன்னும் பின்னும் ஆடவேண்டும், சுவரில் முட்டவேண்டும். ஒரு மணி நேரம் இந்தக் கூத்து. தினமும் உண்டு, வாரக்கணக்கில் உண்டு.

மருந்து ஆக்சிஜன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிலிண்டர், பை வைத்த மாஸ்க். கால் மணி நேரம் இழுத்தால் வலி வடிந்துவிடுகிறது. முதல் தடவை அழுதேவிட்டேன், வெட்கமில்லாமல்.

விதிமுறைகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்துதான் இழுக்கவேண்டும். முடிந்ததும் வால்வை மூடவேண்டும். மின்விசிறியை ஓடவிட்டு, அறைக் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் மீட்டர் பழைய இடத்துக்கு இறங்கிய பிறகுதான் படுக்கவேண்டும். ஸ்கூல் பிள்ளைக்குச் சொல்வது போல எழுதியிருக்கிறார்கள்.

நாள் 64. பூமியிலிருந்து வந்த செய்தி

அக்கா செலின் தூத்துக்குடியில் நர்ஸ். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இங்கே செய்தி வரும். இன்று வந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஏல ராயப்பா, அக்கா பேசுதேன். மாஸ்க்கப் போட்டுக்கிட்டு படுத்துராதல. கண்ணசந்துட்டன்னா மாஸ்க் நழுவிரும், காத்து பூராம் போர்வையிலயும் துணியிலயும் ஏறி நிக்கும். பாத்தா ஒண்ணும் தெரியாது. சின்னப் பொறி போதும், பக்குன்னு புடிச்சிரும். இன்னொண்ணு கேட்டுக்க. நீ கெளம்பும்போது பையில நான் தைலம் போட்டுவிட்டேன்லா, அத எடுத்துத் தூரப் போடு. எண்ணெ, தைலம் எதுவும் மூஞ்சில இருக்கக்கூடாது. எனக்கு அன்னைக்கு புத்தி எங்க போச்சோ தெரியல. மாதா தொண. நாளைக்கும் பேசுதேன்."

தைலத்தைத் தூரப் போடவில்லை. தலைவலி என்றதும் கை தானாகப் புட்டியைத் தேடுகிறது. எங்கள் வீட்டில் தலைவலிக்கு முதல் வைத்தியம் அதுதான். இந்த வலிக்கு அது ஒன்றும் செய்யாது என்று எனக்கும் தெரியும். மூடியைத் திறந்தால் அக்கா பக்கத்தில் நிற்பது போல இருக்கிறது, அவ்வளவுதான்.

நாள் 65

ஒரே இரவில் இரண்டு தடவை வந்தது. மின்விசிறிச் சத்தம் மண்டைக்குள் போய்க் குடைகிறது. எழுந்து போய் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

நாள் 66

மூன்று தடவை. மின்விசிறி இன்னும் நின்றபடியே இருக்கிறது. அதனால் மீட்டர் ஏறி அலாரம் கத்துகிறது. அதன் வாயில் காலுறையைத் திணித்துக் கட்டினேன். இப்போதுதான் காது குளிர்ந்தது. அக்காவின் செய்தி வந்திருக்கிறது, கேட்கவில்லை. திட்டத்தான் போகிறாள்.

எழுத்து கோணுகிறது. சரியாகத் தூங்கியே ஐந்து நாளாகிறது. உட்கார்ந்தால் தலை தொங்குகிறது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் சாய்ந்துகொண்டு இழுக்கிறேன். வால்வைக் கையிலேயே பிடித்துக்கொள்வேன்.

நாள் 67. நேரம் தெரியவில்லை

நன்றாகத் தூங்கினேன்.

மாஸ்க் கழுத்துக்குக் கீழே, கம்பளிக்குள் கிடக்கிறது. வால்வு திறந்தேதான் இருந்தது. சிலிண்டர் காலி. முழு சிலிண்டரும் இந்தச் சின்ன அறையில்தான் இருக்கிறது. என் தலைமுடியில், பனியனில், கம்பளியில்.

சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் மீட்டர் தெரிகிறது. முப்பத்தெட்டு. இருபத்தொரு சதவீதம்தான் இருக்கவேண்டும்.

புரண்டு படுக்கப் போனேன். கம்பளி லேசாக நெறுநெறுத்தது. அப்படியே உறைந்துவிட்டேன்.

நெற்றியில் தைலம் மணக்கிறது.

மின்விசிறி சுவிட்ச், காற்றை வெளியேற்றும் கைப்பிடி இரண்டும் கால்மாட்டில், கதவுப் பக்கம். எழவேண்டுமென்றால் கம்பளியை விலக்கவேண்டும். விலக்கினால் என்ன பறக்கும் என்று எனக்குத் தெரியும். நான்தானே விளக்கை அணைத்து வேடிக்கை பார்த்தவன்.

நோட்டு நெஞ்சின் மேலேயே இருந்தது, பென்சில் அதிலேயே கட்டியிருக்கிறது. வலது கை வெளியே இருக்கிறது. விரலை மட்டும் அசைத்து எழுதுகிறேன்.

அதே நாள். பிறகு

முப்பத்தேழு.

கதவு இடுக்கு வழியாகக் கசிகிறது. நல்லது. அசையாமல் கிடந்தால் போதும். நாலைந்து மணி நேரம் பிணம் மாதிரி கிடந்தால் எழுந்துவிடலாம். எழுந்ததும் முதல் வேலை அக்காவின் செய்தியைக் கேட்பது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால் குறைகிறது.

பிறகு

முப்பத்தாறு.

வலது கண் ஓரத்தில் நீர் வருகிறது. அழவில்லை.

மூக்கு அடைக்கிறது.

வேண்டாம். இப்போது வேண்டாம். மாதாவே.

பிறகு

இன்னும் முப்பத்தாறு.

ஆரம்பித்துவிட்டது. அடுத்த சிலிண்டர் கதவுக்கு அந்தப் பக்கம். இழுக்க ஒன்றும் இல்லை. இழுத்து அடக்கவேண்டியதெல்லாம் போர்வையில் இருக்கிறது.

இது காகித நோட்டு, தீப்பிடித்தால் மிஞ்சாது. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நான் அசையவில்லை என்று அர்த்தம். ஒருவேளை நான் போய் இது மட்டும் மிஞ்சியிருந்தால் அக்காவிடம் சொல்லுங்கள், தைலத்தால் இல்லை, நான்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அவள் மனசில் வைத்துக்கொள்வாள். தைலத்தால் இல்லை என்று சொல்லுங்கள்

பிற

முறுக்குகிறது

பல்லைக் கடித்துக்கொண்டு கம்பளியைப் பிடித்திரு

பிடிக்கவும் கூடாது

இந்த வலியில் நான் ஒரு நிமிடம்கூடச் சும்மா படுத்திருந்ததில்லை, என் வாழ்நாளில்

முப்பத்தாறு

கால் தானாக ஆடுகிறது