குரலை ஏற்றிவிட்டது நான்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தம்பியும் இருக்கிற உடம்போடு ஒருமாதிரி சௌக்கியமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா, அப்பா சொன்னது இவ்வளவுதான். அதற்கே களைத்துவிட்டார். கை நடுக்கத்தில் அவரால் எழுத முடியாது, எழுதினாலும் நாலாவது வார்த்தைக்குள் எழுத்து எறும்பாகிவிடுகிறது. மிச்சத்தை நீயே எழுது, யாரையும் திட்டாதே என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஆகவே இனி எழுதுவது தம்பி. இதில் திட்டு வாங்க வேண்டியவனும் நான்தான்.

போன மாதம் நீ போனில் அப்பா குரல் நன்றாகத் தேறிவிட்டது என்றாய், அதை நம்பித்தான் பயணத்தையும் தள்ளிப் போட்டாய். தேறவில்லை. பார்க்கின்சன் வந்தவர்களுக்குக் குரல் சன்னமாகிக்கொண்டே போகும், ஆனால் தாங்கள் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றும். அதற்காகத்தான் நீ ஏற்பாடு செய்த பேச்சுப் பயிற்சி டீச்சர் வாரம் நாலு நாள் வீடியோவில் வருகிறார். மூச்சை இழுத்து "ஆ" என்று நீட்டச் சொல்வார், அன்றாடம் பேசுகிற பத்து வாக்கியங்களை உரக்கச் சொல்லச் சொல்வார். முதல் நாளே என்னிடம், சத்தத்தை அளக்கிற கருவியை அப்பாவுக்கு ஒரு முழம் தள்ளி மேசையில் வைத்து எண்ணைப் படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆபீஸில் பத்து வேலையைப் போட்டுவிட்டு வந்து எவன் எண் படித்துக்கொண்டிருப்பது? நல்ல மைக் ஒன்றை அப்பாவின் சட்டைக் காலரில் மாட்டினேன், சின்னக் குரலைத் தானாகவே பெரிதாக்கி அனுப்புகிற வசதியையும் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கணீரென்று கேட்டது. நான் சொன்னபடிதான் அளக்கிறேன் என்று நம்பி, டீச்சர் தன் திரையில் தெரிந்த எண்ணையே குறித்துக்கொண்டார். எழுபத்தாறு, எழுபத்தெட்டு டெசிபல். பிரமாதம் சார் என்பார், அப்பா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருப்பார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்துவிட்டார். அம்மா சமையலறையில் இருந்தாள், பத்தடி தூரம். இருபது நிமிஷம் கழித்துத் தண்ணீர் கொடுக்கப் போனபோதுதான் பார்த்திருக்கிறாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு. நான் ஓடி வந்தபோது, கத்தினேன்டா, அவ வரல என்று அம்மாவைக் காட்டினார். நீங்க கூப்பிட்டு நான் என்னிக்கு வராம இருந்தேன் என்று அம்மா அழுதாள். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான், அதுதான் கொடுமை. அன்று சாயங்காலம் கருவியை மேசையில் வைத்து அளந்தேன். ஐம்பத்தேழு. முதல் நாள் ஒரே ஒரு தடவை அளந்தபோது இருந்த அதே இடம்.

அந்த வாரத்தோடு பயிற்சி முடிகிறது என்று டீச்சர் சொல்லியிருந்தார், அப்பா இலக்கை எட்டிவிட்டாராம். நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றதும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லாதேடா, அந்தப் பொண்ணு ஒண்ணுதான் நான் பேசறதத் திருப்பிக் கேக்காம புரிஞ்சுக்குது என்றார். கையை விடுவித்துக்கொண்டு டீச்சரைக் கூப்பிட்டேன். சொல்லிவிட்டேன். டீச்சர் தான் குறித்து வைத்த எண்களையெல்லாம் அடித்தார். பிறகு, நானும் கேட்டிருக்கணும் தம்பி, மைக்கைக் கழட்டிடுங்க, இனிமே அம்மாதான் மைக் என்றார். இப்போது அப்பா அறையில் உட்கார்ந்து வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், அம்மா சமையலறையில் லேப்டாப் முன்னால் நின்று, காதில் விழுந்ததை டீச்சரிடம் சொல்ல வேண்டும். முதல் நாள் பத்தில் நாலு. அப்பா முகம் தொங்கிவிட்டது. கல்யாணம் ஆனதிலேருந்து நீங்க சொல்றதுல பத்துக்கு நாலுதான் நான் காதுல வாங்கறேன், இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கிக்கிறீங்களே என்றாள் அம்மா. அதற்குத்தான் கொஞ்சம் சிரித்தார். நேற்று ஐந்து. மறுபடி முதலிலிருந்து. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று நானும் கூட உட்கார்ந்து "ஆ" போடுகிறேன், என் தொண்டைதான் போகிறது.

நீ போனில் கேட்கிற குரலை நம்பாதே, போனும் ஏற்றித்தான் கொடுக்கும். அம்மாவிடம் கேள். குரலைப் பெரிதாக்குகிற பெட்டி எதையும் வாங்கி அனுப்பாதே, அந்த வேலையை ஒருத்தன் செய்தது போதும்.

முடிவில் போட உங்கள் வாயால் ஏதாவது சொல்லுங்கள் என்று இப்போது அப்பாவிடம் கேட்டேன். சொன்னார், கேட்கவில்லை. மறுபடி சொன்னார், பாதிதான் வந்தது. ஊகித்து எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இன்னொரு தடவை, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி என்றேன். முறைத்துவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். அவளை ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்றாரு, எழுதுடா என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

எழுதிவிட்டேன். உங்கள் இருவருக்கும் அப்பா அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. மாத்திரை நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
அப்பா
(எழுதியது தம்பி)