ஏழாவது லெவல் பாலம்

என் அன்புத் திருடி அக்காவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. வீட்டு விஷயம் எதையும் வெளியே சொல்லாதவள் நான், உனக்கே தெரியும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உன் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அது நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அடுத்த மாதம் நானும் அம்மாவும் ஆஸ்டின் டவுன் வீட்டைக் காலி செய்கிறோம். வைட்ஃபீல்டில், என் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட். சாமான் ஒழிக்கும்போது அம்மா கட்டிலுக்கடியிலிருந்து நம் வீடியோ கேம் டப்பாவை இழுத்தாள்.

"பழைய டிவியோட இதையும் எடைக்கு எடுக்கற குஜரிக்காரன் கிட்ட போட்டுடலாமாடி?"

"வேலை செய்யுதான்னு பாக்கறேன்மா," என்றேன். நீ கடைசியாக ஆடிய அந்த மதியத்துக்குப் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை.

அந்த ஆட்டம் எனக்கு இன்னும் பிடிக்கும் அக்கா. அதில் ஓடிக் குதிக்கிற பொம்மைக்கு ஊதா உடம்பு, பச்சைத் தொப்பி. கத்தரிக்கா என்று நீதான் பெயர் வைத்தாய். கொஞ்ச நேரம் பட்டனைத் தொடாமல் விட்டால் அப்படியே உட்கார்ந்து காலை ஆட்டுவானே, அதைப் பார்க்கவே பாதியில் நிறுத்துவாய். மேகங்களுக்குக் கண் இருக்கும். நாம் குழியில் விழுந்தால் அவை எட்டிப் பார்க்கும். இவ்வளவு ஆசையாகச் செய்தவர்கள், விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு சேவ் ஏன் வைக்காமல் விட்டார்கள்? குதித்த இடத்தில் நிற்காமல் ஏன் அவனை இரண்டடி வழுக்க வைத்தார்கள்? ஏழாவது லெவலில் கால் வைத்ததும் பலகை உதிரும் அந்தப் பாலம். எல்லா உயிரும் தீர்ந்தால் மறுபடி முதல் லெவல். எத்தனை லீவு அதிலேயே போனது!

பட்டன் வைத்த பேட் இரண்டு. நீ பெரியவள், அதனால் முதல் பேட் உனக்கு. நீ விழுந்தால்தான் என் முறை. என் பேடில் எப்போது அழுத்தினாலும் கத்தரிக்கா ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குதிப்பான்.

"இன்னாடி, தூங்கி எழுந்து குதிக்கிறியா? ஜல்தி அமுக்கு!"

"அமுக்கினேன்கா! பேடு சரியில்ல!"

"பேடு நல்லாத்தான் கீது. உன் கைதான் சோம்பேறி."

நான் நம்பினேன். பள்ளம் வரும் முன்பே, நகம் வெளுக்க அழுத்திப் பழகினேன். என் கை மந்தம் என்றுதான் வளர்ந்தேன்.

நீ எழுந்து நடமாட முடியாமல் போன அந்த வாரத்தில், ஒரு மதியம், ஆடலாமா என்று நீயே கேட்டாய். நான் டப்பாவை மாட்டியதும் முதல் பேடை என் பக்கம் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டாய்.

"இன்னிக்கு நீ அக்கா. போதுமா?"

ஏழாவது பாலத்தில் மறுபடி மறுபடி விழுந்தாய். உன் விரலில் பலம் இல்லை என்று நினைத்தேன். என்னால் பார்க்க முடியவில்லை. "குடுக்கா, நான் முடிக்கிறேன்" என்று உன் கையிலிருந்து பேடைப் பிடுங்கினேன். பழைய வழக்கப்படி ஓங்கி அழுத்திப் பாலத்தைத் தாண்டினேன். நீ என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எப்படிடி இத்தினி வருஷம் இதுல குதிச்ச?"

கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் கரண்ட் போனது. ஏழு லெவலும் போயிற்று. இருமல் வரும்வரை சிரித்தாய். "உடு. நாளைக்கி மொதல்லேர்ந்து ஆடலாம்."

மறுநாள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நீ திரும்பி வரவில்லை.

ஒன்பது மாதமாக எனக்குள் இருப்பது அந்தப் பிடுங்கல்தான். நீ கடைசியாக ஆசைப்பட்டு எடுத்த பொருளை, பொறுமை இல்லாமல் உன் கையிலிருந்து பறித்தேன். அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சுத்தம் செய்யலாம் என்று தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு பேடையும் திறந்தேன். பட்டன்களுக்கு அடியில் சின்னச் சின்ன ரப்பர். உன் பேடில் எல்லாம் வெள்ளை, என்னுடையதில் எல்லாம் சாம்பல் நிறம். குதிக்கும் பட்டனுக்கு அடியில் மட்டும் மாறியிருந்தது. என் நல்ல ரப்பர் உன் பேடில். உன் தேய்ந்த ரப்பர் என் பேடில்.

"அடி திருடி!" என்று கத்திவிட்டேன்.

"யாரடி திட்ற?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"அக்காவ."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லா திட்டு. எனக்கும் சேத்து திட்டு," என்றாள்.

அப்புறம்தான் கவனித்தேன். அந்தத் தேய்ந்த ரப்பரின் நுனியில் சாக்லேட் சுற்றி வரும் வெள்ளிக் காகிதத் துண்டு. அதை ஒட்ட நீ வைத்திருந்தது மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. பள்ளிக்கூட நாளில் நீ கறுப்புப் பொட்டுதானே வைப்பாய்? மெரூன், வேலைக்குப் போன பிறகு. அப்படியென்றால் எப்போதோ தனியாக உட்கார்ந்து சரிசெய்யப் பார்த்திருக்கிறாய். சரியாக வரவில்லை. அதனால்தான் அன்றைக்கு அதை நீயே எடுத்துக்கொண்டாயா?

ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை? சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அந்த ஒரு வாரம்கூட நமக்கு இல்லை என்று உனக்குத் தெரிந்திருந்ததா?

இரண்டு பேடையும் மூடி, இருவர் ஆட்டம் போட்டேன். முதல் முறை உன்னுடையது. இந்த ஆட்டத்தில் கடிகாரம் கிடையாது, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். கத்தரிக்கா நின்றான், உட்கார்ந்தான், காலை ஆட்டினான். நான் இரண்டாவது பேடைப் பிடித்தபடி காத்திருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை காத்திருந்தேன்.

டிவியும் டப்பாவும் எங்களோடு வைட்ஃபீல்டுக்கு வருகின்றன. பொட்டை எடுக்கவில்லை, ரப்பரையும் மாற்றப்போவதில்லை. இனி ஞாயிறுதோறும் முதலிலிருந்து ஆடுவோம். என் முறையை என் பேடில் ஆடுவேன், உன் முறையை உன் பேடில் நானே ஆடுவேன். ஒன்று மட்டும் சத்தியம் அக்கா. என் முறை சீக்கிரம் வரட்டும் என்று, உன் முறையில் ஒருநாளும் வேண்டுமென்றே விழ மாட்டேன்.

இப்படிக்கு,
உனக்கு அடுத்து ஆடுகிற
உன் தங்கச்சி