ரோஸ் நிற நுரை

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஃப்ளாஸ்க்கில் இருக்கிற உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். டீயை ஆறவைத்துக் குடியுங்கள். குக்கரில் கஞ்சி இருக்கிறது. ஊறுகாயை ஒளித்து வைத்துவிட்டேன், தேட வேண்டாம்.

மிருதுவான பிரஷும் பல் கூச்சத்துக்கான பேஸ்ட்டும் வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அழுத்தித் தேய்க்காதீர்கள். கிராம்புத் தைலத்தை அப்படியே தடவி ஈறு வெந்தது போதும்.

துவைக்க எடுத்த சட்டையில் மறுபடியும் புகையிலைப் பொட்டலம் இருந்தது. போன தடவை தூக்கிப் போட்டதற்கு, "அத்த ஈறுல அடக்கினாத்தான்டி வலி மரத்துப்போவுது. நீ இன்னா, பல் டாக்டருக்குப் படிச்சிக்கினு வந்தியா?" என்று கத்தினீர்கள். ஈறு புண்ணாவதே அதனால்தான் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இந்தத் தடவை தூக்கிப் போடவில்லை. ஃப்ளாஸ்க்குக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

சிப்காட் பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன்.

ஜெசிந்தா

நீங்கள் வாயைத் திறந்து தூங்கியபோது பார்த்தேன். பொட்டலம் அடக்குகிற இடத்தில் வெள்ளையாகத் திட்டு விழுந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் வருவீர்களா?

ஷைனி கங்கம்மா அக்கா வீட்டில் தூங்குகிறாள், கூட்டி வாருங்கள். நேற்று, "ஏம்மா, நைனா துப்பினா மட்டும் நொர ரோஸா வருது?" என்று கேட்டாள். உங்கள் பேஸ்ட்டின் நிறம் அப்படி என்று சொல்லிவிட்டேன். தனக்கும் அதுதான் வேண்டுமாம். இன்றைக்கு உங்களிடம் கேட்பாள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்.